இயந்திர எழுத்தும் இஸ்னாதும்

நபிமொழி அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன் மத்ன் எனும் வாசகத்தை மட்டுமன்றி, இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் தொடரையும் ஆராய்ந்தனர். ஹிஜ்ரி 597இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தனி நூலாகவே தொகுத்து எச்சரித்தார்கள்.

2005இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் மூவர், பொருளற்ற ஆய்வுரைகளைத் தானே புனையும் ‘சைஜென்’ என்னும் கணினி நிரலை உருவாக்கினர். அத்தகைய உரைகள் 120க்கும் மேற்பட்டவற்றை 2014இல் ஸ்பிரிங்கரும் ஐ.இ.இ.இ.யும் விலக்கிக்கொண்டன.

நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், பிறர் எழுத்தோடு 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒப்புமைக்கே தண்டனை வகுத்தன. இயந்திரம் புதிதாய்ப் புனையும் பொய்யோ எவர் எழுத்தோடும் ஒத்திராமல் அவ்வளவைக்குத் தப்பிவிடலாம். ஆகவே, சோதனையைச் செய்தவர் யார், குறிப்பேடு எங்கே, மேற்கோள் நூல் உண்மையில் உண்டா என வினவுதல் வேண்டும் என்போம். இல்லையேல், நேர்மையாய் உழைக்கும் மாணவரின் ஆய்வும் ஐயத்துக்கு இலக்காகும்.