சென்னைக்கு வந்த அயல்நாட்டுப் பயணிகள்: ஒரு வரலாறு

சென்னைக்கு வெளிநாட்டார் வருகை கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டையைவிடப் பழையது. இன்று மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட மயிலாப்பூரில் இயேசுவின் சீடர் தோமா அடக்கம் செய்யப்பட்டார் என்ற நம்பிக்கை மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் பரவியிருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியக் கரையோரமாகப் பயணம் செய்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அந்த இடத்தைப் போற்றினர் என்றும், அங்குள்ள செம்மண்ணை யாத்ரீகர்கள் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துச் சென்றனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். 1520களில் போர்ச்சுகீசியர் இங்கே குடியேறி, ஊருக்கு சாந்தோம் என்று பெயரிட்டு, பரங்கிமலை உச்சியில் ஒரு தேவாலயமும் எழுப்பினர். 18ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் மலையேறும் யாத்ரீகர்களுக்காகப் படிக்கட்டு அமைத்துக் கொடுத்தார். பயணிகளின் வசதிக்காக இந்த ஊரில் செய்யப்பட்ட முதல் பொதுப்பணிகளில் அதுவும் ஒன்று.

துறைமுகம் இல்லாத கரை

1639இல் கம்பெனி பெற்ற நிலத்தில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. ஆனால் அந்தக் கரையில் கப்பல் ஒதுங்க இயற்கையான இடம் எதுவும் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சின. அங்கிருந்து மனிதரும் சரக்கும் மசூலா படகில்தான் கரை சேர வேண்டும். இந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து இணைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலை மோதினால் பிளந்துவிடும்; தைத்த படகோ வளைந்து கொடுத்து அடியைத் தாங்கிக்கொள்ளும். கரையை ஒட்டி வரிசையாக உடையும் அலைகளைத் தாண்ட, பெரிய அலை கடந்து போகும்வரை காத்திருந்து, அதன் முதுகிலேயே படகைச் செலுத்துவது மீனவர்களின் கைவந்த கலை. பயணிகள் யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்கியெடுக்கக் கட்டுமரங்கள் கூடவே வரும். படகு மணலைத் தொட்டதும் பயணிகளைத் தோளிலோ நாற்காலியிலோ சுமந்து இறக்குவார்கள். கரையில் நற்சான்றுக் கடிதங்களோடு துபாஷிகள் என்ற இருமொழி அறிந்த உதவியாளர்கள் காத்திருப்பார்கள். வீடு பிடிப்பது, வேலையாள் அமர்த்துவது, பணம் மாற்றுவது என எல்லாமே அவர்கள் பொறுப்பு.

அந்தக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள், படைவீரர்கள், அதிகாரிகள். ஊர் பார்க்க வந்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலர்தான் சென்னையின் படத்தை உலகத்துக்குக் கொண்டு சென்றார்கள். ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் 1780இல் இங்கு வந்து இறங்கினார். அவருக்குப் பின் 1790களின் தொடக்கத்தில் தாமஸ் டேனியலும் அவர் உறவினரான வில்லியம் டேனியலும் தென்னிந்தியாவைச் சுற்றி வரைந்த படங்கள் லண்டனில் அச்சாகிப் புகழ்பெற்றன. மரியா கிரஹாம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி மாமல்லபுரத்துக்கும் போய்ப் பார்த்து எழுதினார். அவருடைய நூல் 1812இல் வெளியானது. பயணிக்கென்றே எழுதப்பட்ட கையேடு 1859இல் வந்தது. லண்டனின் மர்ரே நிறுவனம் இந்தியாவுக்கென்று வெளியிட்ட முதல் கையேட்டில் சென்னை மாகாணத்துக்குத் தனித் தொகுதி இருந்தது.

துறைமுகமும் ரயிலும் ஓட்டலும்

1861இல் கடலுக்குள் நீளும் இறங்குபாலம் ஒன்று அமைந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவிலிருந்து இந்தியா வரும் பயணம் மாதக்கணக்கிலிருந்து வாரக்கணக்குக்குக் குறைந்தது. செயற்கைத் துறைமுக வேலை 1870களில் தொடங்கியது. 1881 நவம்பர் புயல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிட்டது. 1904இல் துறைமுகப் பொறுப்பை ஏற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், அதன் வாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றி, அதைப் பயன்படத்தக்கதாக ஆக்கினார். மசூலா படகோட்டிகளின் பிழைப்பு இதனோடு மங்கியது. தலைமுறை தலைமுறையாக வெளிநாட்டாரை உயிரோடு கரை சேர்த்த அந்த மனிதர்களின் பெயர்கள் எந்தக் கையேட்டிலும் இடம்பெறவில்லை.

நிலத்தில் ரயில் வந்தது. ராயபுரம் நிலையம் 1856இலும், சென்ட்ரல் 1873இலும், எழும்பூர் 1908இலும் திறக்கப்பட்டன. தெரிந்தவர் வீட்டில் தங்கும் வழக்கம் மாறி, ஓட்டல்கள் பெருகின. 1854இல் இம்பீரியல் என்ற பெயரில் ரத்தினவேலு முதலியார் நடத்திய ஓட்டல், பின்னர் ஆல்பனி ஆகி, 1890 வாக்கில் ஆளுநரின் பெயரைத் தாங்கி கன்னிமரா ஆனது. ஸ்பென்சர் நிறுவனத்தின் யூஜின் ஓக்‌ஷாட் அதை வாங்கி வளர்த்தார். மவுண்ட் ரோட்டில் ஜாக்கமோ டி ஏஞ்சலிஸ் நடத்திய ஓட்டலும் பேர்பெற்றது. அவரே 1910இல் விமானம் ஒன்றை உருவாக்கச் செய்து பறந்து காட்டி, நகரத்தை வியக்க வைத்தார். 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் கடற்கரையைச் சீரமைத்து ‘மெரினா’ என்று பெயரிட்டார். அருங்காட்சியகம், கன்னிமரா நூலகம், மெரினா ஆகியவை ஒரு நாளில் பார்த்து முடிக்கும் சுற்றாயின.

அக்கரைப் பயணிகள்

சென்னையின் பன்னாட்டுப் பயணத்தை ஐரோப்பியரை மட்டும் வைத்து எழுதினால் பாதிக் கதைதான் வரும். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போக முடிந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், பிறகு மறுபடியும் ரயில். மக்கள் அதை போட் மெயில் என்றே அழைத்தார்கள். தோட்டத் தொழிலாளர், வணிகர், மாணவர், கோயில் யாத்ரீகர் என எல்லாரும் அதில் பயணம் செய்தனர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் இலங்கைப் போரின் தொடக்க ஆண்டுகளில் நின்றுபோனது.

கிழக்கே, 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கிடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீவிபத்துக்குள்ளானதோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. திருமணத்துக்கும் நேர்த்திக்கடனுக்கும் துணிமணி வாங்கவும் வந்த மலேசிய, சிங்கப்பூர், இலங்கைத் தமிழர்கள் சென்னைக்கு நிரந்தர விருந்தினர்கள். புத்தகயைக்குப் போகும் சிங்கள யாத்ரீகர்கள் எழும்பூர் கென்னட் சந்திலுள்ள மகாபோதி சங்கத்தில் தங்கிச் செல்வது இன்றும் வழக்கம்.

ஞானமும் கலையும் தேடி

1882 டிசம்பரில் பிரம்மஞான சபையின் நிறுவனர்களான பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் அதன் தலைமையகத்தை அடையாற்றில் நிறுவினர். ஆண்டிறுதி மாநாடுகளுக்குப் பல நாட்டு உறுப்பினர்கள் வந்தனர். சிலர் இங்கேயே தங்கிவிட்டனர். அந்தச் சூழலில்தான் ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். 1928இல் உருவான மியூசிக் அகாடமி மார்கழி இசைவிழாவுக்கு வித்திட்டது. 1960களில் அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் இங்கே வந்து கர்நாடக இசை பயின்று, ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று ரசிகர்கள் அன்போடு அழைக்கும் அளவுக்கு உயர்ந்தார். யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியிடமும் அவர் மகன் தேசிகாச்சாரிடமும் கற்க ஐரோப்பியரும் அமெரிக்கரும் வந்தனர். இவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கினார்கள். டிசம்பரில் சபாக்களின் வரிசையிலும் கேண்டீன்களிலும் வெளிநாடுவாழ் தமிழர் கூட்டத்தைக் காண்பது இந்த மரபின் தொடர்ச்சி.

வானவழியும் அரசும்

1932 அக்டோபரில் டாடா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் கராச்சியிலிருந்து மும்பை வழியாகச் சென்னை வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. ஓர் அண்டை நாட்டின் விமான சேவையே சென்னையை முதல் இலக்காகக் கொண்டு பிறந்தது. 1970களில் ஜெட் விமானங்கள் பெருகியபோது அரசும் தனியாரும் சுற்றுலாவில் முனைந்தனர். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் அமைந்தது. 1974இல் தாஜ் கோரமண்டல் திறக்கப்பட்டது. அதே பத்தாண்டில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கன்னிமராவைப் புதுப்பித்தார். கையில் காசு குறைந்த இளம் பயணிகளுக்குத் திருவல்லிக்கேணியின் பழைய முற்ற வீட்டு விடுதிகள் இடம் தந்தன.

மாமல்லபுரம் என்னும் துணை

சென்னைக்கு வரும் வெளிநாட்டார் தவறாமல் பார்க்கும் இடம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரில் உள்ள மாமல்லபுரம். 19ஆம் நூற்றாண்டில் பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறிப் படுத்துக்கொண்டு, இரவெல்லாம் பயணித்துப் போவார்கள். பின்னர் சாலை வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை அதை ஒரு மணி நேரப் பயணமாகச் சுருக்கியது. 1957இல் அரசு அங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் மரபுக் கலைக்கு ஊன்றுகோல் ஆனது. பயணிகள் வாங்கிச் செல்லும் கற்சிலைகளைச் செதுக்கும் உளிச்சத்தம் இன்றும் ஊரெங்கும் கேட்கிறது. 1984இல் யுனெஸ்கோ அவ்வூரின் பழஞ்சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1996இல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறந்தபின், தென்னிந்திய வீடுகளையும் கைவினைகளையும் வழியிலேயே பார்க்க முடிந்தது. 2019இல் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்ததும், 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்ததும் மாமல்லபுரத்தில்தான்.

மருத்துவப் பயணம்

1978இல் டாக்டர் பத்ரிநாத் சங்கர நேத்ராலயாவையும், 1983இல் டாக்டர் பிரதாப் ரெட்டி அப்பல்லோ மருத்துவமனையையும் தொடங்கினர். வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, ஓமன், ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து நோயாளிகள் வரத் தொடங்கினர். பயிற்சி பெற்ற மருத்துவர்கள், மேலை நாடுகளைவிடக் குறைந்த செலவு, காத்திருப்பின்றிக் கிடைக்கும் அறுவை சிகிச்சை ஆகியவை இதற்குக் காரணங்கள். கிரீம்ஸ் சாலையைச் சுற்றிய சந்துகளில் இதன் தடத்தைக் காணலாம். வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள், சமையல் செய்துகொள்ளும் வசதியோடு நாள் வாடகைக்கு விடும் அறைகள், பணம் மாற்றும் கடைகள், மீன் குழம்பும் சோறும் தரும் சிறு உணவகங்கள், மருத்துவரிடம் கூடவே வரும் மொழிபெயர்ப்பாளர்கள். துபாஷி செய்த வேலையை இன்று இவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்கிறார்கள். நோயாளியோடு வரும் உறவினர்கள் சிகிச்சை முடியும்வரை தங்கி, இடையே கடற்கரைக்கும் தி.நகர்க் கடைகளுக்கும் போய் வருகிறார்கள். ஆகவே நகரப் பொருளாதாரத்துக்கு ஒரு நோயாளியின் வருகை ஒரு குடும்பத்தின் வருகை.

எண்களும் அவற்றின் பொருளும்

2014இல் மின்னணு முறையில் முன்னனுமதி பெற்று வரும் விசா வசதி தொடங்கியபோது, அது கிடைத்த முதல் 9 விமான நிலையங்களில் சென்னையும் ஒன்று. அந்த ஆண்டு ஏறத்தாழ 46 லட்சம் வெளிநாட்டார் வருகைகளோடு தமிழ்நாடு மாநிலங்களில் முதலிடம் பிடித்தது. 2019 வரை அந்த இடத்தை விடவில்லை. இந்தக் கணக்கில் ஒரே பயணி இரண்டு மாநிலங்களுக்குப் போனால் இரண்டிலும் எண்ணப்படுவார். எனவே இதை ஆள்கணக்காக அல்ல, வருகைக் கணக்காகக் கொள்வதே சரி. 2020இல் கொரோனா தொற்று அந்த ஓட்டத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தியது. 2021–22இல் கட்டணம் வசூலிக்கும் மத்தியத் தொல்லியல் சின்னங்களில் வெளிநாட்டார் அதிகம் பார்த்த இடமாக மாமல்லபுரம் தாஜ்மகாலையும் முந்தியது. 2019 நவம்பரில் சென்னை–யாழ்ப்பாணம் விமான சேவை தொடங்கியது. தொற்றால் தடைப்பட்ட அந்தச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது.

இந்த நீண்ட வரலாற்றில் சென்னை கடற்கரை உல்லாசத்தை மட்டும் நம்பி விருந்தினரை ஈர்த்த காலம் எதுவும் இல்லை. கல்லறையைத் தேடியும், வணிகத்துக்கும், சொந்தபந்தங்களைப் பார்க்கவும், இசைக்கும், வைத்தியத்துக்கும் வந்தவர்களே இதன் பயணிகள். காரியமாக வந்தவர்கள் காரியம் முடிந்தபின் ஊரைப் பார்த்தார்கள். ஆகவே நகரம் தன் விருந்தினருக்குச் செய்ய வேண்டியவை படகோட்டியும் துபாஷியும் ஒரு காலத்தில் செய்தவைதான்: பத்திரமாகக் கொண்டு வந்து சேர்ப்பது, மொழி தெரியாதவருக்கு வழி சொல்வது, நியாயமான விலைக்குத் தங்க இடம் கொடுப்பது. இவை சரியாக நடந்த காலங்களில் எல்லாம் வெளிநாட்டார் திரும்பவும் வந்திருக்கிறார்கள்.