தரப்படுத்தலின் இன்னொரு பட்டியல்

தரப்படுத்தல் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரேயொரு அர்த்தம்தான் இருந்தது. 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போகத் தமிழில் பரீட்சை எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதும். இந்த இரண்டு எண்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய அண்ணன்மாரும் மாமாமாரும் எல்லார் வீட்டிலும் இருந்தார்கள். அந்த 23 புள்ளி வித்தியாசம் ஊர்வலமாகி, துண்டுப்பிரசுரமாகி, பிறகு என்னென்னவாக ஆனது என்பதை நான் இங்கே சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்துக்கு வந்து, ஒரு ஆரம்பப் பாடசாலையில் உதவி ஆசிரியையாகப் பல வருடம் வேலை செய்து, அதன் பிறகுதான் இந்த நாட்டின் பழைய கல்வி அறிக்கைகளையும் வழக்குத் தீர்ப்புகளையும் வாசிக்க எனக்கு நேரம் கிடைத்தது. அங்கே இன்னொரு தரப்படுத்தலைக் கண்டேன். பத்து, பதினொரு வயதுப் பெண்பிள்ளைகளின் வாசிப்புக்கும் எழுத்துக்கும் போட்ட புள்ளிகளின் மீது, நாற்பது வருடத்துக்கு மேலாக, பல இடங்களில் நடந்த தரப்படுத்தல் அது. அதற்கு எதிராக ஊர்வலம் போனதில்லை. போகவேண்டிய தாய்மாருக்குத் தங்கள் பிள்ளை எடுத்த புள்ளியே சொல்லப்படவில்லை.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. அதே காலத்தில்தான் இலங்கையில் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் வந்தது என்பதை எங்களவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள். ஆனால் இங்கே இலவசமாக்கப்பட்ட கல்வி இரண்டு வாசல்களாக இருந்தது. 11 வயதில் ஒரு பரீட்சை. அதில் தேறிய ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அல்லது நான்கில் ஒருவர் கிறமர் பாடசாலைக்கும், மிகுதிப் பேர் செக்கண்டரி மொடேர்ன் பாடசாலைக்கும் போனார்கள். மூன்றாவதாக ஒரு தொழில்நுட்பப் பாடசாலை இருக்கவேண்டும் என்றார்கள். அது பெரும்பாலும் கடதாசியிலேயே நின்றுவிட்டது. கிறமர் என்றால் பல்கலைக்கழகம், ஆசிரியப் பயிற்சி, அலுவலக உத்தியோகம். மற்ற வாசல் என்றால், 15 வயதில் பெரும்பாலும் ஒரு சான்றிதழும் இல்லாமல் தொழிற்சாலைக்கு, கடைக்கு, பெண்பிள்ளையானால் கூடவே கலியாணத்துக்கு.

பரீட்சையில் வழக்கமாக மூன்று தாள்கள்: கணிதம், ஆங்கிலம், நுண்ணறிவு. நுண்ணறிவுத் தாள் என்று பெயர் இருந்தாலும் அதுவும் சொல்லையும் வாக்கியத்தையும் வைத்து நடந்த வாசிப்புத் தாள்தான். எடின்பரோவில் மொறே ஹவுஸ் என்ற ஆசிரியக் கல்லூரியில் கொட்ஃப்ரி தொம்சன் என்பவரின் குழு தயாரித்த தாள்கள் நாடு முழுக்கப் போயின. தொம்சன் கெட்ட மனிதரல்ல. 1920களின் தொடக்கத்தில் நோர்தம்பர்லாண்டின் கிராமப் பாடசாலைகளில், யாரும் கவனிக்காமல் விட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் அவர் இந்த வேலையைத் தொடங்கினார்.

புள்ளி போட்ட முறையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். விஷயம் அதற்குள்தான் இருக்கிறது. முதலில் விடைத்தாளை விடைப்பட்டியலோடு ஒப்பிட்டு, சரியான விடைகளை எண்ணுவார்கள். இது மூலப்புள்ளி. பிறகு பிள்ளையின் வயதை வருடம், மாதம் என்று பார்த்து, ஒரு அட்டவணையில் அந்த மூலப்புள்ளிக்கு நேரே இருக்கும் இன்னொரு எண்ணை எடுப்பார்கள். சராசரி 100 வரும்படி அமைக்கப்பட்ட எண் அது. ஒரே வகுப்பில் செப்டெம்பரில் பிறந்த பிள்ளைக்கும் அடுத்த ஓகஸ்டில் பிறந்த பிள்ளைக்கும் ஏறத்தாழ ஒரு வயது வித்தியாசம். இருவரும் 62 விடை சரியாக எழுதியிருந்தால் இளைய பிள்ளைக்குக் கூடிய எண் கிடைக்கும். இதில் நியாயம் இருக்கிறது. இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கட்டுரை எழுதும் பகுதிதான் அவர்களுக்குத் தலையிடியாக இருந்தது. 1935இல் ஹார்டொக், ரோட்ஸ் என்ற இருவர் பரீட்சைகளையே பரீட்சித்துப் பார்த்தார்கள். மூத்த மாணவர்களின் 15 வரலாற்று விடைத்தாள்களை, எல்லாம் முன்பு ஒரே புள்ளி பெற்றவை, பரீட்சகர்களிடம் கொடுத்தபோது புள்ளிகள் 96க்கு 21 முதல் 70 வரை சிதறின. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அதே தாள்களை அதே 14 பேரிடம் திரும்பக் கொடுத்தார்கள். 210 தீர்ப்புகளில் 92 மாறின. முன்பு சித்தி என்றவர் இப்போது இல்லை என்றார், இல்லை என்றவர் சித்தி என்றார். இதற்குப் பயந்து சில இடங்களில் கட்டுரையையே எடுத்துவிட்டு, கோடு போடும் வினாக்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். டெவனில் மட்டும் வேறொரு வழி இருந்தது. ஒரு கட்டுரையை நான்கு பேர் தனித்தனியாக, வேகமாக வாசித்து, மனதில் பட்ட புள்ளியைப் போட்டு, நான்கையும் கூட்டினார்கள். ஸ்டீபன் வைஸ்மன் 1949இல் இதைப் பற்றி எழுதினார். ஒருவரின் நுணுக்கமான திருத்தத்தை விட நான்கு பேரின் அவசரத் தீர்ப்பு நம்பகமானது என்பது அந்த முறையின் கருத்து. பத்து வருடம் கொப்பி திருத்திய என்னால் அதை நம்பமுடிகிறது.

இத்தனை கவலையும் ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடந்துவிடக்கூடாது என்பதற்காக. ஆனால் இதே அட்டவணைகளில் இன்னொரு வேலையும் நடந்தது.

பத்து, பதினொரு வயதில் பெண்பிள்ளைகள் ஆங்கிலத்திலும் சொற்சார் நுண்ணறிவிலும் ஆண்பிள்ளைகளை விட முன்னுக்கு நின்றார்கள். கணிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று தாள்களையும் கூட்டி ஒரே பட்டியலாக எழுதினால் கிறமர் இடங்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் போகும். இது தற்செயலாக ஒரு வருடம் நடந்ததல்ல, வருடாவருடம் நடந்தது. பல கல்வி அதிகாரசபைகள் இதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டன. ஒன்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு அட்டவணை. ஆண்பிள்ளைகளின் சராசரியும் 100, பெண்பிள்ளைகளின் சராசரியும் 100 என்று வைத்துவிட்டால் பெண்பிள்ளைகளின் முந்துகை அட்டவணைக்குள்ளேயே கரைந்துபோகும். மற்றது, இரண்டு பட்டியல். ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை என்று இடங்களை முதலே பிரித்துவிட்டு, ஒவ்வொரு பட்டியலிலும் மேலிருந்து எடுப்பது. அறுபது இடங்களை முப்பது முப்பதாகப் பிரித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பட்டியலாக இருந்திருந்தால் 36 பெண்கள் வந்திருப்பார்கள். அந்த ஆறு பெண்பிள்ளைகளின் இடத்தில், அவர்களை விடக் குறைந்த புள்ளி எடுத்த ஆறு ஆண்பிள்ளைகள் போய் உட்காருவார்கள். ஆறு வீடுகளுக்கும் உங்கள் மகள் தெரிவுசெய்யப்படவில்லை என்று மட்டும் கடிதம் போகும்.

சொல்லப்பட்ட காரணம் வளர்ச்சி. பெண்கள் கெதியாக வளர்ந்துவிடுவார்கள், ஆண்கள் பிந்தித்தான் மலர்வார்கள், இப்போது பின்னுக்கு நிற்கும் பையன் பிறகு எட்டிப் பிடிப்பான் என்றார்கள். பிந்தி மலரும் பிள்ளைக்கு ஒரு வாசல் வேண்டும் என்பது உண்மையான அக்கறையாக இருந்திருந்தால் 13 வயதில் அந்த வாசலை அகலத் திறந்திருக்கவேண்டும். 13இல் பாடசாலை மாறும் ஏற்பாடு இருந்தது. அதன் வழியாகப் போனவர்கள் மிகச் சிலர். இன்னொன்றையும் கேட்கவேண்டும். ஒரு பரீட்சை இன்றைக்கு என்ன தெரியும் என்பதை அளக்கிறதா, ஐந்து வருடம் கழித்து என்ன தெரியக்கூடும் என்பதை அளக்கிறதா? பெண்பிள்ளையை இன்றைய கணக்கில் குறைத்தார்கள், ஆண்பிள்ளைக்கு நாளைய கணக்கில் கடன் கொடுத்தார்கள்.

இதற்கு நேர்மாறான சரிக்கட்டலும் இதே நாட்டில் இருந்திருக்கிறது. 1862இல் வந்த திருத்தச் சட்டக்கோவையின்படி, பரிசோதகர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் சோதிப்பார். தவறிய ஒவ்வொரு பாடத்துக்கும் பாடசாலையின் மானியத்தில் 2 சிலிங் 8 பென்ஸ் போய்விடும். பெண்பிள்ளைகளுக்குத் தையலும் கட்டாயம். தைப்பதற்கு நேரம் போய்விடுவதால் அவர்களின் கணிதத்தைக் கொஞ்சம் இளக்கமாகப் பார்க்கும்படி பிற்காலத்தில் பரிசோதகர்களுக்குச் சொல்லப்பட்டது. தையலைக் குறைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண் பின்னுக்கு நின்றபோது அது அவளுடைய இயல்பான இடம் என்று விட்டுவிட்டார்கள். முன்னுக்கு வந்தபோது அளவுகோலைத் திருத்தினார்கள்.

வளர்ச்சி பற்றிய இந்தப் பேச்சுக்கெல்லாம் அடியில் சாதாரணமான ஒரு காரணம் இருந்தது. பல ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கான கிறமர் இடங்களே குறைவு. நூற்றாண்டுகளுக்கு முன் பணக்காரர் எழுதிவைத்த அறக்கொடைகள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் பாடசாலைகளுக்கே போயிருந்தன. கட்டடம் ஆண்களுக்கு இருந்தது, அதற்கேற்றபடி புள்ளி வெட்டப்பட்டது. பெண்களுக்குப் புதிதாகக் கட்டுவதற்கு அவசரம் காட்டவும் ஆளில்லை. 1948இல் ஜோன் நியூசம் என்ற கல்வி அதிகாரி பெண்கல்வி பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பெண்களை இல்லறத்துக்காகப் படிப்பிக்கவேண்டும் என்பது அவர் வாதம். 1963இல் சராசரிப் பிள்ளைகளின் கல்வி பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்த குழுவுக்கும் அவரே தலைவர்.

நான் வேலை செய்த பாடசாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வெள்ளைக்கார அம்மா வருவார். 1947இல் பிறந்தவர். வாரத்துக்கு இரண்டு நாவல் நூலகத்தில் எடுத்து வாசிப்பார். ஆசிரியர்களே எழுத்துக்கூட்டல் சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்பார்கள். ஆனாலும் ஏதாவது படிவம் நிரப்பச் சொன்னால், "எனக்கு விளங்காது, நான் பதினொரு வயதிலேயே பெயில் விட்டவள்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். தம்பி பாஸ் பண்ணினவராம். "அவனுக்குத்தான் வீட்டில் மூளை" என்றார் ஒருநாள். அறுபது வருடத்துக்குப் பிறகும் அந்தப் பேச்சு அவர் வாயில் அப்படியே இருந்தது. ஆண், பெண் பட்டியல்களைப் பற்றி நான் வாசித்ததைச் சொன்னேன். கனநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா உயிரோடு இருக்கேக்க இது தெரிஞ்சிருக்க வேணும்" என்ற கருத்துப்பட ஏதோ சொன்னார். 1957இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வொன்று, எவ்வளவு கவனமாகத் தெரிவுசெய்தாலும் பத்து வீதமளவு பிள்ளைகள் பிழையான பாடசாலைக்குப் போகிறார்கள் என்று கண்டது. இரண்டு பட்டியலால் வெளியே நின்ற பெண்பிள்ளைகள் அந்தப் பிழைக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் விதிப்படி விலக்கப்பட்டவர்கள்.

1975இல் பால் பாகுபாட்டுச் சட்டம் வந்தது. அதன் கீழ் சம வாய்ப்பு ஆணைக்குழுவும் வந்தது. அந்த நேரத்தில் பெரும்பாலான பகுதிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பாடசாலைக்கு மாறிவிட்டிருந்தன. கிறமர் எஞ்சியிருந்த இடங்களில்தான் சண்டை நடந்தது. வட அயர்லாந்தில் ஆண்களிலும் பெண்களிலும் ஒரே வீதத்தினரைத் தனித்தனிப் பட்டியலில் தெரிவுசெய்த முறை 1988இல் நீதிமன்றத்தில் விழுந்தது. பேர்மிங்காமில் ஆண்களுக்கு வருடம் ஏறத்தாழ 540 கிறமர் இடங்கள், பெண்களுக்கு 360. பெண்களைப் பாதிக்கும் நோக்கம் எங்களுக்கு இல்லை, கிறமர் கல்விதான் சிறந்தது என்று எவரும் நிரூபிக்கவுமில்லை என்று நகரசபை வாதாடியது. 1989இல் பிரபுக்கள் சபை இரண்டையும் ஏற்கவில்லை. நோக்கம் தேவையில்லை, பெண்பிள்ளைகள் நியாயமான காரணத்தோடு மதிக்கும் ஒரு வாய்ப்பு ஆண்பிள்ளைகளை விட அவர்களுக்குக் குறைவாக இருக்கிறது, அது போதும் என்றார் லோர்ட் கொஃப்.

இதை எங்கள் கூட்டமொன்றில் சொன்னபோது ஒரு ஐயா எழும்பி, "அப்ப தரப்படுத்தல் எண்டாலே அநியாயம்தானே பிள்ளை" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஓகஸ்டில் பிறந்த பிள்ளைக்குக் கூட்டிப் போடுவதை நான் ஆதரிக்கிறேன். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை யாழ்ப்பாணம் எப்படிப் பார்த்தாலும், ஆய்வுகூடமே காணாத மன்னார்ப் பிள்ளைக்கும் வன்னிப் பிள்ளைக்கும் அது ஒரு கதவாக இருந்தது. இதை எங்கள் மேடைகளில் சொன்னால் இன்றும் கோபிப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்திருந்தது ஆசிரியரும் ஆய்வுகூடமும். இங்கிலாந்தின் ஆண்பிள்ளைகளுக்கு அப்படி எது குறைந்திருந்தது? கட்டடமும் அறக்கொடையும் இடங்களும் அவர்கள் பக்கத்திலேயே இருந்தன. இல்லாதவருக்குக் கொடுப்பதும் இருப்பவரின் இடத்தைக் காப்பாற்றுவதும் அட்டவணையில் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால்தான் அட்டவணையை மட்டும் பார்க்கக்கூடாது.

இப்போது இங்கிலாந்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மே மாதம் வாசிப்புத் தாள் எழுதுகிறார்கள். மூலப்புள்ளி 80 முதல் 120 வரையான அளவுக்கு மாற்றப்படுகிறது. 100 எடுத்தால் போதும். எல்லாருக்கும் ஒரே அட்டவணை. எழுத்தை வகுப்பாசிரியரே மதிப்பிடுகிறார். பெண்பிள்ளைகள் இன்றும் முன்னுக்கு நிற்கிறார்கள், முடிவுகள் வந்ததும் ஆண்பிள்ளைகள் பின்தங்குவது பற்றிப் பத்திரிகைகள் கவலைப்படுகின்றன. சனிக்கிழமைகளில் எங்கள் தாய்மார் கிறமர் ரியூசனுக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காருக்குள் காத்திருக்கிறார்கள். அந்தப் பரீட்சையின் அட்டவணையில் பிறந்த மாதத்துக்கு ஒரு நிரல் இருக்கிறது. மற்ற நிரல் இப்போது இல்லை.