குடியிருக்கும் மனைக்கு வரி கிடையாது! (ராஜராஜன் காலத்திலேயே)



ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் ஆயா வீடு. அவரது டிரங்குப் பெட்டியில் நூல் சுற்றிய ஒரு கட்டு இருக்கிறது. நகைச்சீட்டு என்று நினைத்தேன். பிரித்தால் எல்லாம் ஊராட்சி வீட்டு வரி ரசீது!

வீடு இருப்பது கிராம நத்தத்தில். "வயலுக்குத்தான் தீர்வை. குந்தியிருக்கிற இடத்துக்கு ஏது தீர்வை?" என்பார் ஆயா. கல்வெட்டுகள் பற்றிப் படித்தபோதுதான் தெரிந்தது, ஆயா சொன்னது ஆயிரம் வருஷத்துப் பழைய விதி.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழன் கொடுத்த ஊர்களின் பட்டியல் அங்கே கல்லில் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் மொத்த நிலத்தை அளந்து, அதில் சிலவற்றைக் கழித்துவிட்டுத்தான் வரி போட்டார்கள். ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாளர் சேரி, பறைச்சேரி இவையெல்லாம் கழிவு. இப்படி வரியில்லாத நிலத்துக்கு 'இறையிலி' என்று பெயர். குடியிருக்கும் மனைக்கு யாரும் விண்ணப்பம் போடவில்லை, தானாகவே விலக்கு. விளைநிலத்துக்கு விலக்கு வேண்டுமென்றால் அரசாணை வேண்டும். இல்லையென்றால் ஊர்ச்சபையிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும், பிறகு சபையே அந்த வரியைச் சுமக்கும்.

நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் கல்வெட்டைப் பாருங்கள் (முதலாம் பராந்தகன், கி.பி. 921). குடவோலையில் பெயர் எழுத, வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடும் வேண்டும். வரி கட்டுகிறவனுக்குத்தான் வாய்! நத்தமும் சேரியும் இறையிலி என்பதில் ஒன்றுதான். சேரிக்காரனுக்கு சபையில் இடம் இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் நத்தத்துக்குத் தீர்வை இல்லை. தீர்வை இல்லாததால் பட்டாவும் இல்லை. அப்போது எங்கள் பகுதி செங்கல்பட்டு ஜில்லா. சேரி இருக்கும் மனையும் எங்களுடையதே என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். கூலி கேட்டுக் குரல் உயர்த்தினால் "வீட்டைக் காலி பண்ணு" என்று சொல்ல முடிந்தது. எதிர்த்துக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அந்த ஜில்லாவின் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையில் இந்த மனைப் பிரச்சினையும் உண்டு. அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த ஆணையால் கிடைத்தவைதான் பஞ்சமி நிலங்கள். (அவற்றில் எவ்வளவு கை மாறிப் போனது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

சுதந்திரத்துக்குப் பிறகு நத்தத்தை அளந்து பட்டா கொடுக்க அரசு 'நத்தம் நிலவரித் திட்டம்' கொண்டுவந்தது. ஊராட்சியின் வீட்டு வரி வேறு கணக்கு. 1994-ம் வருஷத்து ஊராட்சிகள் சட்டப்படி அது கட்டடத்துக்கான வரி. ரசீதை வைத்து மனை என்னுடையது என்று சாதித்துவிட முடியாது. இத்தனை வருஷமாக இங்கே குடியிருக்கிறேன் என்று காட்டலாம், அவ்வளவுதான்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. காகிதம் இல்லாத மனைக்குத்தான் இப்போது பயம் அதிகம்.

ஆயா வீட்டுக்கு இன்னும் பட்டா வரவில்லை. "வரியைத் தள்ளுபடி பண்றோம்னு சொன்னா வேணாம்னு சொல்லிடு" என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அந்த ரசீதுகளை வருஷவாரியாக அடுக்கி ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். நடுவில் இரண்டு வருஷம் காணவில்லை, பெட்டியை இன்னொரு முறை துழாவ வேண்டும்.