செல்லுக்குள் ஒரு சாம்ராஜ்யம் – 9: ஆறு டிகிரி சூடு

போன வாரம் உங்களை இன்குபேட்டர் வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். வாருங்கள், கதவைத் திறப்போம்.

உள்ளே ஹாம்ஸ்டர் குட்டியின் சிறுநீரகச் செல்கள். 33.5 டிகிரியில் சுகமாகப் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஆய்வாளர்கள் டகேஹாரு நிஷிமோட்டோவும் பாசிலிக்கோவும் தேடியது, சூடு ஏறினால் டிஎன்ஏவை நகலெடுக்க முடியாமல் திணறும் செல்லை. எந்திரம் எங்கே பழுதாகிறதோ அங்கேதான் அதன் சூட்சுமம் பிடிபடும்.

சூடு 39.5 ஆகிறது.

சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால்...

நகலெடுப்பு பாதியில் நின்றால் செல் காத்திருக்க வேண்டும். இது காத்திருக்கவில்லை! நூல்நூலாகப் பரந்து கிடந்த டிஎன்ஏ சுருண்டு தடித்துவிட்டது. வேலை முடியாமலே செல் பிரியக் கிளம்பிவிட்டது. குரோமோசோம்கள் நொறுக்கிய அப்பளம்போலச் சிதறிக் கிடக்கின்றன.

அப்படியானால் அதுவரை செல்லைப் பிடித்து நிறுத்திய கை எது?

1978-இல் எழுந்த கேள்வி. 1980-களில்தான் அந்தக் கைக்கான மரபணு சிக்கியது. அது தரும் புரதத்தின் பெயர் ஆர்சிசி1. சூட்டில் அழிந்துபோனது இதுதான்.

சரி, அதற்கு என்ன வேலை? 1991-இல் ஹைடல்பர்கில் பிஷாஃபும் போன்ஸ்டிங்கலும் அதைப் பிரித்தெடுத்தபோது, கூடவே ஒரு குட்டிப் புரதமும் ஒட்டிக்கொண்டு வந்தது. ரான்!

ரான் ஒரு ஸ்விட்ச். மூன்று பாஸ்பேட் உள்ள குவானோசினைப் பிடித்திருந்தால் ஆன். இரண்டு பாஸ்பேட் உள்ளதைப் பிடித்திருந்தால் ஆஃப். பழையதை விடுவித்துப் புதியதற்கு இடம் கொடுக்க வைப்பது ஆர்சிசி1.

அது எங்கே உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? உட்கருவுக்குள், டிஎன்ஏ சுருளின் மேலேயே. இந்த இடத்தேர்வை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. ஆன் ஆன ரான் நிறைந்திருக்கும் இடம் எதுவோ, அதுவே உட்கரு. சரக்கைச் சுமந்து உட்கருவின் துளை வழியே வரும் இம்போர்ட்டின் என்ற புரதம், ஆன் ஆன ரானைத் தொட்டதும் சுமையை இறக்கி வைக்கிறது. வந்து சேர்ந்த இடம் அதற்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் சுமை இறக்கிய இம்போர்ட்டின் அந்த ரானையும் கட்டிக்கொண்டுதான் வெளியே போகிறது.

ஸ்விட்ச் இன்னும் ஆனில்!

தானாக அணைய ரானுக்கு வெகு நேரமாகும். அணையாமலே வெளியே குவிந்தால், உள்ளே எது, வெளியே எது என்ற பேதமே செல்லுக்குத் தெரியாமல் போய்விடும்.

துளைக்கு வெளியே, வாசற்படியிலேயே, அணைக்கும் கை ஒன்று காத்திருக்கிறது. அதன் முகத்தை அடுத்த வாரம் காட்டுகிறேன்.