சிலம்பின் தொடர்ச்சியும் பசிப்பிணியின் வரலாறும்

சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என வழங்குதல் தமிழ் மரபு. இரட்டையர் என்று பெயர் கூறினும், வகுப்பறையில் இரண்டும் ஒத்த மதிப்பைப் பெறுவதில்லை. மூத்ததைக் கலைக் கோயில் என்றும், இளையதைச் சமய நூல் என்றும் கூறி அப்பால் நகர்ந்துவிடுகின்றோம். ஆயின், சிலம்பின் இறுதியில் அமைந்த நூற்கட்டுரை, அக்காப்பியத்தின் பொருள் மணிமேகலையோடுதான் முற்றுப்பெறுவதாகக் குறிப்பிடுகின்றது. முதல் நூலே தன் தொடர்ச்சியைச் சுட்டிக் காட்டுகின்றபோது, அத்தொடர்ச்சியை ஓர் ஒட்டுச் சதையாகக் கருதுதல் பொருந்துமா என்பது எண்ணத்தக்கது.

தொடர்நூல்கள் முதல் நூலின் புகழில் குளிர்காய்வன என்பது பொதுவான எண்ணம். அதற்கு விலக்குகளும் உண்டு. இசுபானிய நாட்டுச் செர்வாண்டிசு 1605-இல் வெளியிட்ட 'டான் குயிக்சோட்' நூலைக் காட்டிலும், 1615-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகமே ஆழமானது என்று கருதும் திறனாய்வாளர் பலர். தமிழில் அத்தகைய பெருமையைக் கோரும் உரிமை மணிமேகலைக்கு உண்டு.

கண்ணகியின் கதையிலும் தெய்வங்கள் தோன்றுகின்றன, மதுரை எரிகின்றது. எனினும் அது பெரும்பாலும் மனிதர் நடமாடும் உலகம். சாத்தனாரின் உலகமோ வேறு. உறங்கும் பெண்ணைத் தெய்வம் வான்வழியே தூக்கிச் சென்று, புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் விடுகின்றது. அங்குள்ள புத்தபீடிகை பழம்பிறப்பை உணர்த்துகின்றது. வேற்றுருக் கொள்ளவும், வானில் இயங்கவும், பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்கள் அவளுக்குக் கிடைக்கின்றன. கோமுகிப் பொய்கையிலிருந்து அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மேலெழுகின்றது. இத்தனை வியப்புகளும் எதற்காக? பசி என்னும் மிக எளிய ஒன்றைப் பற்றிப் பேசுவதற்காகவே. இந்நூலை இயற்றியவர் மதுரையில் தானியம் விற்ற கூலவாணிகர் என்று மரபு கூறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

காப்பியத்தின் உயிர்நிலை ஆபுத்திரன் வரலாற்றில் உள்ளது. பிறந்தவுடன் கைவிடப்பட்டு, வேள்விப் பசுவைக் காக்க முயன்றமையால் ஊரால் துரத்தப்பட்டவன் அவன். மதுரையில் பிச்சையேற்று, அதனைக் குருடர்க்கும் முடவர்க்கும் இட்டு உண்டவன். சிந்தாதேவி அளித்த அமுதசுரபியால் அவன் எல்லார்க்கும் உணவளிக்கின்றான். வரம் தர வந்த இந்திரனைப் பொருட்படுத்தாது விடுகின்றான். சினந்த இந்திரன் அவனுக்குச் செய்த தண்டனை வியப்பிற்குரியது: பன்னீராண்டு வறண்டிருந்த பாண்டி நாட்டில் மழை பெய்விக்கின்றான்! பசித்தவர் இல்லாமற் போகவே, கையில் அமுதசுரபி இருந்தும் ஆபுத்திரன் வேலையற்றவன் ஆகின்றான். சாவக நாட்டில் பஞ்சம் எனக் கேட்டுக் கப்பலேறுகின்றான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் சென்றுவிடுகின்றது. தான் மட்டும் உண்டு வாழ்வது தகாது எனக் கருதி, பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர் துறக்கின்றான். இதற்கு நிகரான ஒரு கட்டம் சிலம்பில் இல்லை.

கண்ணகி தன் கணவனுக்கு நேர்ந்த அநீதிக்காக ஓர் அரசனிடம் வழக்குரைத்தாள். மணிமேகலை தனக்கென எவ்வழக்கும் உரைக்கவில்லை. சிறையிலிருப்போர் பசியைத் தீர்த்தபின், அச்சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுமாறு சோழ மன்னனை வேண்டினாள், அவ்வாறே ஆயிற்று.

பேராக் மாநிலத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தவர்க்கு இக்காப்பியம் வேறொரு முகம் காட்டும். 1877-இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்த் தோட்டங்கள் பெருகவே, தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகளின் பின்னே மக்கள் வந்து சேர்ந்தனர். ஆபுத்திரன் பசித்தவர்க்கு உணவளிக்கக் கடல் கடக்கப் புறப்பட்டான். இவர்கள் தம் பசி தீரக் கடல் கடந்தனர். கடல் கடந்தும் பசி அவர்களை விடவில்லை. 1930-ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரவர் வேலையிழந்து தாயகம் திருப்பியனுப்பப்பட்டனர். 1941 திசம்பர் இறுதியில் ஈப்போ சப்பானியர் வசமாயிற்று. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. தோட்டத்து ஆடவர் பலர் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். உண்ணுந்தோறும் மேலும் மூண்டெழும் யானைத்தீ என்னும் பசிநோயால் காயசண்டிகை வருந்திய பகுதியை, இந்த வரலாற்றோடு சேர்த்துப் பயிலும் மாணவன் வெறுங் கற்பனையென ஒதுக்கமாட்டான். தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன.

மணிமேகலையில் குறையே இல்லை என்பதன்று. சமயக் கணக்கர் திறமும் அளவை நெறியும் விரியும் காதைகளில் கதை நின்றுவிடுகின்றது. தருக்கம் பயிலாத மாணவர்க்கு அவை சுமையே. கானல்வரியின் இசையும் வழக்குரை காதையின் விரைவும் சாத்தனாரிடம் எதிர்பார்க்கற்பாலன அல்ல. பாட்டின் அழகில் இளங்கோவே மேம்பட்டவர். அறத்தின் பரப்பில்தான் தொடர்நூல் முதல் நூலைக் கடந்து செல்கின்றது.

அதன் புகழ் மங்கியமைக்கு வேறொரு காரணமும் உண்டு. பௌத்தம் தமிழகத்தில் மறைந்தபின் அந்நூலின் கலைச்சொற்களை விளக்குவார் அருகினர். சிலம்பை 1892-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், மணிமேகலையைக் கையிலெடுத்தபோது பௌத்தக் கருத்துகளைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. மளூர் அரங்காசாரியார் அவருக்குத் துணை நின்றார். அரும்பதவுரையோடு 1898-இல் நூல் வெளிவந்தது. கோவலன் கண்ணகி கதையோ அதற்குள் கூத்தாகவும் பாட்டாகவும் பாமரர் நாவில் வேரூன்றியிருந்தது.

சாவகம் என்பது சாவகத் தீவையே குறிக்குமோ, பரந்த தென்கிழக்காசிய நிலப்பகுதியைச் சுட்டுமோ என்பதில் அறிஞர் ஒருமுகப்படவில்லை. எவ்வாறாயினும், பேராக் நிலமும் அப்பழங் கடல்வழிக்குப் புறம்பானதன்று. குவாலா செலின்சிங்கில் விஷ்ணுவர்மன் என்னும் பெயர் பொறித்த கல்முத்திரை கண்டெடுக்கப்பட்டது. தஞ்சோங் ரம்புத்தானிலும் ஈப்போவையடுத்த பெங்காலானிலும் பௌத்த வெண்கலச் சின்னங்கள் கிடைத்தன. 1936-இல் பீடோர் வட்டார ஈயச் சுரங்கமொன்றில் எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரர் படிமம் வெளிப்பட்டது. காப்பியத்திற்குப் பிற்பட்டதெனக் கருதப்படும் அப்படிமத்தைச் சாத்தனாரோடு நேரே இணைத்தல் வரலாற்று நெறியன்று. ஆனால் துன்புறும் உயிர்களின் குரலுக்குச் செவிசாய்ப்பவர் எனப் பௌத்தர் போற்றிய அவ்வுருவம், பின்னாளில் கங்காணிகளின் பின்னே வந்தவர் குடியேறிய நிலத்திற்கு அருகிலேயே பல நூற்றாண்டுகள் புதைந்து கிடந்தது.

காப்பியத்தில் ஆபுத்திரன் சாவகத்து நாகபுரத்தில் புண்ணியராசன் என்னும் அரசனாக மீண்டும் பிறக்கின்றான். மணிமேகலையின் சொற்கேட்டு மணிபல்லவம் வந்து, புன்னை மரத்தடியில் மணலைத் தோண்டுகின்றான். அங்கே கிடந்தவை, முற்பிறப்பில் பசியால் மாண்ட தன் எலும்புகளே.