கேமரன் மலையும் மண்சரிவும்

'சாரல்' என்னும் சொல்லுக்கு மலைச்சரிவு என்றும், மலைப்பக்கம் வீசும் மழைத்தூறல் என்றும் இரு பொருள் உண்டு. மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் இவ்விரண்டும் கைகோக்கும் வேளையில் மண்சரிவு நேர்கிறது. இமயத்தில் உறைபனி அடுக்கடுக்காய்ப் படிகையில் இடையே வலுவற்ற ஓரடுக்கு அமைந்துவிட்டால், மேலடுக்கு முழுதும் வழுக்கி வீழும். கேமரன் மலையில் உறைபனி இல்லை. அங்கு அவ்வாறு வழுக்குவது மண். கருங்கற்பாறை வெப்பத்தாலும் மழையாலும் நெடுங்காலம் சிதைந்து, ஆழ்ந்த மண்ணாகப் பாறைமேல் கிடக்கிறது. நீர் ஊற ஊற அதன் எடை கூடுகிறது; பிடிப்போ தளர்கிறது.

1885-இல் வில்லியம் கேமரன் இம்மலையை அளந்தபோது அது பெருங்காடு. 1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னரே குடியேற்றத் திட்டம் உருவாயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய மில்ன் என்பாருடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிக் கன்று நட்ட கைகளிற் பெரும்பாலானவை தமிழர் கைகள்.

தேயிலைத் தொழிலில் கொழுந்து கிள்ளுவதற்கு முந்திய வேலை ஒன்று உண்டு. அது கான் வெட்டுதல். சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள் மழைநீரின் வேகத்தைத் தணித்து, ஓடும் மண்ணைத் தேக்கும். கான் தூர்ந்தால் தண்ணீர் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும். மண்வெட்டி பிடித்த தொழிலாளி அறிந்த இவ்வுண்மையைத் தோட்ட வரலாறுகள் போதிய அளவு பேசவில்லை என்றே சொல்லவேண்டும்.

செடிகள் நெருங்கி வளர்ந்தபின் தேயிலை, மண்ணை ஓரளவு மூடிக் காக்கும். ஆனால் முதலிற் காட்டை அழித்ததும் அதுதான். கன்று இளமையாய் இருக்கும் ஆண்டுகளில் தரை வெறுமையாகவே கிடக்கும். ஆழத்தில் நழுவும் மண்ணை அதன் வேர் தடுக்கவும் இயலாது. காய்கறித் தோட்டங்களின் நிலையோ இன்னும் கேடு. மலையைப் படிப்படியாய் வெட்டி, அறுவடைதோறும் மண்ணைக் கிளறவேண்டியிருக்கிறது.

அவ்வாறு கரைந்த மண் எங்கே போகும்? 1963-இல் ரிங்லெட்டில் கட்டி முடிந்த சுல்தான் அபுபக்கர் அணையில் வண்டல் குவிந்தது. நீர்கொள்ளும் இடம் சுருங்கிற்று. 2013 அக்டோபரில் அணைநீரைத் திறந்துவிட நேர்ந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது, உயிர்களும் போயின. மறு ஆண்டு நவம்பரில் சேற்றுவெள்ளம் வந்தது.

ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் ஆகிய இரு பருவங்களிலும் இங்கு மழை மிகும். ரிங்லெட்டில் 16 பேரைப் பலிகொண்ட சரிவும் 1961 மே மாதத்ததே. ஆயினும் பருவத்தை மட்டும் நம்பியிருப்பதற்கில்லை. சுங்கை ருயில் பூர்வகுடிச் சிற்றூரில் எழுவர் மாண்டது 2011 ஆகஸ்டு 7-ஆம் நாள். புளூ வேலியில் சரிவு நேர்ந்தது 2024 ஜனவரி 26-ஆம் நாள், விடியுமுன். முன்பு தமிழர் செய்த மலைவேலையை இன்று பிறநாட்டார் பலர் செய்கின்றனர். அன்று மண்ணில் புதையுண்ட ஐவரும் மியன்மாரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்.