கொட்டியாரக் குடாவின் இரு நேரங்கள்



நான்கு விநாடி நமக்கு ஒரு பொருட்டன்று. பாய்க்கப்பல் மாலுமிக்கோ, காலமானியில் நான்கு விநாடி பிழைத்தால், கணித்த இடம் ஏறக்குறைய ஒரு கடல்மைல் பிழைத்துவிடும். பூமி அதற்குள் அவ்வளவு தூரம் சுழன்றுவிடுகிறது. ஆகவே, திருகோணமலை போன்ற நெட்டாங்கு அறியப்பட்ட துறைமுகங்களில் கதிரவனை அளந்து காலமானியைச் சரிபார்ப்பது கடலோடிகளின் வழக்கமாயிற்று.

கதிரவன் வகுக்கும் நேரம் ஊருக்கு ஊர் வேறுபடும். கொழும்புக்கு ஏறத்தாழ ஐந்தரை நிமிடம் முன்னதாகவே திருகோணமலையில் உச்சிப்பொழுது வரும். 1906ஆம் ஆண்டில் இலங்கை முழுவதற்கும், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முற்பட்ட ஒரே நேரம் விதிக்கப்பட்டது.

இன்று கணினிகள் வலையமைப்பின் வழியே தம் கடிகாரங்களைத் தாமே திருத்திக்கொள்கின்றன. அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்ட முறையே இதற்கு அடிப்படை. ஒரு கணினி, தன் கடிகாரம் பத்து மணி காட்டுகையில், நேரம் காக்கும் கணினியை வினவுகிறது எனக் கொள்வோம். "பத்து மணி ஐந்து விநாடி" என்னும் விடை வந்து சேரும்போது, கேட்ட கணினியில் பத்து மணி இரண்டு விநாடி. போகவர ஆனவை இரண்டு விநாடி. எனவே விடை புறப்பட்டது முதல் விநாடியின் முடிவில். ஆகவே அக்கடிகாரம் நான்கு விநாடி பின்தங்கியுள்ளது. உண்மையில் இவ்வினாவிடை ஒரு விநாடியின் சிறு கூறிலேயே முடிந்துவிடும்.

ஆயினும், வலையமைப்பு கொணர்வது உலகப் பொது நேரமே. அதனோடு எத்தனை மணி கூட்டுவது என்பதை மனிதரே முடிவு செய்கின்றனர்.

1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு, அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளியது. அக்டோபரில் அரைமணி குறைத்தது. விடுதலைப் புலிகளின் ஆளுகையிலிருந்த பகுதிகளோ பழைய நேரத்தையே கைக்கொண்டன. 2002இன் போர்நிறுத்தத்திற்குப் பின், கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர் நகரம் அரசின் வசமும், அண்மையிலுள்ள சம்பூர் புலிகளின் வசமும் இருந்தன. "யாருடைய நேரப்படி?" என்று கேளாமல் ஒரு சந்திப்பைக்கூடக் குறிக்க இயலாத நிலை.

2006 ஏப்ரல் 15ஆம் நாள் அரசு மீண்டும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. குடாவைச் சூழ்ந்த கடிகாரங்கள் யாவும் ஒன்றுபட்டன. பத்தே நாட்களில் சம்பூர்ப் பகுதியில் குண்டுகள் வீழ்ந்தன. மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். கடிகாரங்களை ஒன்றாக்க வினாவும் விடையும் போதும். மனிதர் ஒன்றுபட, கேட்கப்படும் வினாவுக்குச் செவிசாய்க்கும் மனமும் வேண்டும்.